பூதக்கண்ணாடியில் காமிரா: குடியானவரும் காணவேண்டிய காட்சி

மதுரையைச் சுற்றிய சமவெளியில் மல்லிகை பயிரிடுவோர் இலையிலும் மொக்கிலும் வெள்ளைக் கம்பளி படர்ந்தாற்போன்ற ஒரு வியாதியைப் பார்த்திருப்பார்கள். அதைப் பூஞ்சணமென்று எண்ணித் தாமிர மருந்தை வாங்கித் தெளிப்பவர் பலர். ஆனால் அது பூஞ்சணமன்று. ஈரியோபைட் என்னும் சிலந்திப்பேன் சாற்றை உறிஞ்சுவதால் செடியே வளர்க்கும் ரோமமாகும். அப்பேன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்குகூட இராது, வெறுங்கண்ணுக்குத் தென்படாது. தாமிரத்தால் அது சாவதுமில்லை, கந்தகத்திற்கே கட்டுப்படும். காரணம் அறியாமல் தெளித்த மருந்தினால் பணமும் போய், பூவும் போகிறது.

இத்தகைய சந்தேகத்தைத் தீர்ப்பது மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடி. ஆயினும் அதில் ஒரு சமயத்தில் ஒருவரே பார்க்கலாம். பழக்கமில்லாதவர் குனிந்து நோக்கினால் தமது இமைமயிரையே காண்பார். ஆகவே அதிகாரி சொல்வதைக் குடியானவர் நம்பவேண்டியதாகிறதேயன்றி, தாமே கண்டு தெளிவதில்லை. கண்டு தெளியாதவர் கடைக்காரர் சொல்லுக்கே திரும்பிப் போவது இயல்பு. பூதக்கண்ணாடியுடன் டிஜிட்டல் காமிராவை இணைத்தாலோ, நான்கு கால்களுடன் புழுவைப்போல் பேன் நெளிவதைப் பத்துப் பேர் ஒருங்கே திரையில் காணலாம்.

இணைப்பது கடினமன்று. மூன்றாவது குழாயுள்ள பூதக்கண்ணாடியில் ‘சி-மவுண்ட்’ என்னும் திருகு வளையத்தின் மூலம் காமிராவைப் பொருத்துவர். காமிராவின் உணர்தகடு சிறிதாகையால், இடையில் 0.5 மடங்குக் குறைப்பு லென்ஸ் வைக்காவிடில் காட்சியின் நடுப்பாகம் மட்டுமே விழும். இரட்டைக் குழாய் மாத்திரம் உள்ளதாயின், ஒரு கண்வில்லையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் செருகும் காமிராக்களும் உண்டு. அவ்வாறு செருகுமுன் குழாயின் விட்டத்தை அளந்துகொள்ளவேண்டும். பல கருவிகளில் அது 23.2 மில்லிமீட்டர்.

படத்தில் அளவுகோல் இருப்பது அவசியம். ஒரு மில்லிமீட்டரை 100 பாகமாகக் கீறிய அளவுச் சில்லை ஒவ்வொரு லென்ஸிலும் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால் போதும். நெல்லில் குலைநோயும் செம்புள்ளி நோயும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். குலைநோய்ப் பூஞ்சணத்தின் வித்து பேரிக்காய் வடிவாய், மூன்று அறைகளுடன், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதிலொரு பங்களவே இருக்கும். செம்புள்ளி நோயின் வித்து அதைவிடப் பலமடங்கு நீண்டு, வளைந்து, அநேக அறைகளுடன் காணும். முன்னதற்குத் தழைச்சத்து மிகுவது கேடு. பின்னதோ சத்துக்குறைந்த நிலத்தில் வலுக்கும். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் உரமிடுவதே தலைகீழாகிவிடும்.

கைபேசியால் இலையைப் படமெடுத்து அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அது நோயின் அடையாளத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. காமிரா வந்தமையால் பயிற்சி வேண்டாமென்பதுமன்று. காய்ந்த இலையும் அழுகிய வேரும் கொணர்ந்தால் எந்தக் காமிராவும் உண்மை கூறாது. நோய் தொடங்கும் ஓரத்தைப் பசுமையுடன் கிள்ளிக் காகிதத்தில் மடித்து அன்றே கொண்டுவருவது குடியானவரின் பொறுப்பு.

ஆகையால் ஒவ்வொரு வட்டார விரிவாக்க மையத்திலும் காமிரா பொருத்திய பூதக்கண்ணாடி ஒன்றிருப்பதும், வாரத்தில் ஒருநாள் அதைப் பொதுமக்கள் முன் இயக்குவதும் சிலாக்கியம். தேதி, கிராமம், பயிர் ஆகியவற்றைக் குறித்து வைத்த படம் அடுத்த பருவத்திற்கும் சாட்சியாகும். ஐயமிருப்பின் 1965-ல் ஒத்தக்கடையில் தோன்றிய வேளாண்மைக் கல்லூரிக்கு அன்றே அனுப்பலாம். கிராம அதிகாரிகள் அந்நாளை ஊரறியச் செய்வார்களாயின் பேருபகாரமாகும். மருந்துக்குப் பணம் கொடுப்பவர் குடியானவரே. எதைக் கொல்ல அது என்பதை அவர் கண்ணாலேயே காண்பது நியாயம்.