எவரைக் கேட்க வேண்டும்?

“என் பணம், என் வீடு, எவரைக் கேட்க வேண்டும்?” இவ்வினா இன்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் தாமான்கள்தோறும் ஒலிக்கின்றது. தோட்டத்து லயத்தில் பிறர் கூரையின்கீழ் வாழ்ந்து, வியர்வை சிந்திச் சேர்த்த பொருளால் சொந்த வீடு வாங்கியவருக்கு இப்பெருமிதம் இயல்பே. அதனை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அப்பெருமிதம் அறியாமைக்குத் திரையாகுமிடத்து அதனைக் கண்டித்தே ஆகவேண்டும்.

வரிசை வீடு என்பது யாது? இரு குடும்பங்களுக்கு இடையே ஒரே சுவர். ஒரு வீட்டின் அலமாரி சாய்ந்து நிற்கும் சுவரின் மறுபுறத்தில் அண்டை வீட்டுக் குழந்தையின் தொட்டில் ஆடுகின்றது. அச்சுவரைக் குடைந்து இரும்பு உத்திரத்தைச் செருகுபவர் தம் வீட்டை மட்டுமா திருத்துகின்றார்?

தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான முன் அனுமதியின்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்று அதன் 70ஆம் பிரிவில் விதிக்கின்றது. “பின்கட்டில் கூரைதானே போட்டேன்; கட்டடமா எழுப்பினேன்?” என்பர் சிலர். இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். சுவர்களுக்கிடையே உள்ள திறந்தவெளியைக் கூரையால் மூடுவதும், புதிய அடித்தளமிட்டு வீட்டை நீட்டுவதும், பழைய அடித்தளத்தின்மேல் புதுச்சுவர் ஏற்றுவதும், ஒரு வீட்டை இரண்டாக்குவதும் அச்சட்டத்தின் பார்வையில் கட்டடம் எழுப்புவதே. வண்ணம் பூசுவதும் தரைக்கல் மாற்றுவதும் வேறு. சுமை தாங்கும் சுவரில் கைவைப்பது வேறு.

1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள், குடியிருக்கும் அறையின் சன்னற்பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்கின்றன. காற்றுத் தடையின்றிப் புகும் திறப்பு 5 விழுக்காடேனும் வேண்டும். அடுக்களையைப் பின்மதில்வரை நீட்டுபவர், பின்னறையின் ஒரே சன்னலையும் அடைத்து விடுகின்றார். அவ்விருட்டறையிலேதான் வீட்டின் முதியவர் படுக்க வைக்கப்படுகின்றார். இதற்கு “வீட்டு மேம்பாடு” என்று பெயர்!

1986 மார்ச் 15இல், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஆறு மாடிக் கட்டடமான ஹோட்டல் நியூ வேர்ல்டு சரிந்து 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காத பிழை மூலகாரணம். பின்னாளில் மேலும் மேலும் ஏற்றப்பட்ட சுமைகளும் அதனுடன் சேர்ந்துகொண்டன. விடுதிக்கும் வீட்டிற்கும் அளவில் ஒப்பில்லை, பாடத்தில் ஒப்புண்டு. தன்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று தூண் வாய்திறந்து சொல்லாது. கணக்கிட்டுச் சொல்ல வல்லவர் பொறியாளரே. அவரைக் கேட்க வைப்பதே அனுமதி முறையின் பயன்.

“அபராதம் கட்டினால் போயிற்று” என்கின்றார் ஒருவர். அபராதப் பற்றுச்சீட்டு உத்திரத்திற்கு உரமூட்டுமா? “மன்றத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கின்றார் குத்தகையாளர். பணம் பெற்றதும் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இடித்தகற்றும் ஆணை வரும் நாளில் வாசலில் நிற்கப்போகிறவர் வீட்டுக்காரரே.

ஊராட்சி மன்றங்களும் இக்குறையில் பங்காளிகளே. விதிகளை எளிய சொற்களில் வீடுதோறும் சேர்ப்பிக்காமல், கட்டி முடித்தபின் அறிக்கை ஒட்டுவது கடமையாகாது. தாமதமும் செலவும் மக்களைக் குறுக்கு வழியில் தள்ளுகின்றன. எனினும், மன்றத்தின் தாமதம் அண்டை வீட்டாரின் உயிரோடு விளையாட உரிமம் ஆகாது.

ஆதலின், செங்கல் வாங்குமுன் வரைபடம் வேண்டும். பதிவு பெற்ற கட்டடக் கலைஞரையோ வரைவாளரையோ நாட வேண்டும். சிறு வேலையாயினும் மன்றத்தில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். இவற்றால் எவருடைய மானமும் குறைந்துவிடாது.

எவரைக் கேட்க வேண்டும் என்ற வினாவிற்கு விடை தொலைவில் இல்லை. அது சுவரின் மறுபுறத்துத் தொட்டிலில் உறங்குகின்றது.