"ஏங்க, கால் சுடுதுங்க!"

தீபாவளி முடிந்து குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். 1000 சிசி டூரிங் மோட்டார். முன்னால் நான், பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டிகள். பெந்தோங்கைத் தாண்டியதும் காராக் நெடுஞ்சாலையில் வாகனங்கள் அப்படியே நின்றுவிட்டன. சின்ன மோட்டார்கள் இடுக்கில் நுழைந்து போயின. பெட்டிகளோடு என்னால் முடியவில்லை.

"ஏங்க, கால் சுடுதுங்க" என்றார் மனைவி.

"வண்டி ஓடினா சரியாயிடும்" என்றேன். மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அதே பதில்தான்.

கெந்திங் செம்பா ஓய்விடத்தில் இறங்கிப் பார்த்தால், வலது கெண்டைக்கால் சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. அவர் போட்டிருந்தது மெல்லிய பருத்திக் கால்சட்டை. எனக்கோ தடித்த ஜீன்ஸ், உயரமான பூட்ஸ். எனக்குச் சுடாததால் அவருக்கும் சுடாது என்று நினைத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த ஒருவர் பற்பசை தடவச் சொன்னார். வேண்டாம் என்று மறுத்து, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டச் செய்தேன். தீக்காயத்துக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான். பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

எரியும் பெட்ரோலின் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஓடும்போது காற்று அதை அடித்துச் செல்லும். நெரிசலில் நின்றால் காற்று இல்லை. கூலண்ட் 100 டிகிரியை நெருங்கியதும் விசிறி சுழன்று, அந்தச் சூட்டை நம் கால்மீதே தள்ளும். வி-ட்வின் எஞ்சின் என்றால் பின் சிலிண்டர் தொடைக்கு அருகிலேயே இருக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ சில நூறு டிகிரி சூட்டில்தான் வேலை செய்யும். தோலுக்கு 50 டிகிரி போதும். சில நிமிடங்களில் வெந்துவிடும்.

மறுநாள் பட்டறையில் வண்டியைக் காட்டினேன். புகைக்குழாயை மூடியிருக்கும் தகட்டில் ஒரு திருகு கழன்று, தகடு விலகியிருந்தது. "கிளம்புறதுக்கு முன்னாடி குனிஞ்சு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும் தம்பி" என்றார் மெக்கானிக். புதுத் திருகின் விலை ஒரு ரிங்கிட்கூட இல்லை.

இப்போதெல்லாம் கிளம்புமுன் கூலண்ட் அளவையும் தகட்டையும் பார்க்கிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும்தான். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீய்ச்சும். மனைவிக்கும் தடித்த ஜீன்ஸ், கணுக்காலை மூடும் பூட்ஸ் வாங்கியாயிற்று. வண்டிகள் நகராமல் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுகிறேன்.

கொப்புளம் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் சுடுகிறது என்றால், வண்டியைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும், சுடுகிறது என்றுதான் அர்த்தம்.