யாருக்கு முதலில் சொல்வது?

ஈஞ்சம்பாக்கம் கேளிக்கைப் பூங்காவில் 2025 மே 27ஆம் தேதி மாலை ராட்சத ராட்டினம் அந்தரத்தில் நின்றுவிட்டதையும், பெண்களும் குழந்தைகளுமாக முப்பது பேருக்குக் குறையாமல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இறங்க வழியின்றித் தவித்ததையும், கடைசியில் தீயணைப்புப் படையினர் ஸ்கைலிப்ட் வண்டியுடன் வந்து அவர்களை மீட்டதையும் வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கதையை மறுபடி சொல்லி இடத்தை நிரப்ப நாம் விரும்பவில்லை. யந்திரம் என்று ஒன்று இருந்தால் அது ஒரு நாள் பழுதுபடத்தான் செய்யும். அதற்காக மட்டும் ஒருவரைத் தூற்றுவது நியாயமாகாது. ஆனால் யந்திரம் நின்றபின், மேலே இருப்பவர்களைக் கைவசமுள்ள சாதனங்களைக் கொண்டே இறக்கிப் பார்ப்போம், வெளியாரை அழைப்பதை அப்புறம் யோசிப்போம் என்று அங்கே பொறுப்பிலிருந்தவர்கள் செய்த முடிவு இருக்கிறதே, அதை யந்திரத்தின் தலையில் கட்டிவிட முடியாது. மேலே தொங்கிக்கொண்டிருந்தவர்களின் உறவினர் கீழே நின்று குமுறியதும் அந்த முடிவைக் குறித்தே. நமது ஆத்திரமும் அதைக் குறித்தே.

ஒருவருக்கும் காயமில்லையே, இன்னும் எதற்கு இந்தப் பிரஸ்தாபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அக்னி நட்சத்திரம் இன்னும் விலகாத நாள் அது. அந்தக் கூட்டத்தில் வேளை தவறாமல் மருந்து உட்கொள்ள வேண்டிய நீரிழிவு நோயாளி ஒருவர் இருந்திருக்கலாம். இருதயம் பலவீனப்பட்டவர் ஒருவர் இருந்திருக்கலாம். பயத்தினாலேயே வலிப்புக் காணும் குழந்தை ஒன்று இருந்திருக்கலாம். அப்படி ஒருவரும் இல்லாமற் போனதோ, இருந்தும் ஒன்றும் நேராமற் போனதோ, எதுவாயினும் அது நமது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு உரிமம் வழங்கி, அதைப் பூங்காவின் வைத்திய ஏற்பாடாக எவரும் பதிவு செய்யவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

வைத்திய சாஸ்திரம் இந்த விஷயத்தில் மணிக்கணக்கில் பேசுவதில்லை, நிமிஷக்கணக்கில் பேசுகிறது. இருதயம் திடீரென்று நின்று விழுந்த ஒருவருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும், அவர் பிழைப்பதற்குரிய வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்துக்கொண்டே போகிறது. தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்ற குழந்தையின் மூளை நாலைந்து நிமிஷத்துக்கு மேல் பிராணவாயு இன்றிச் சேதமடையாமல் இருப்பதில்லை. செயற்கை அலைக்குளத்தில் நூறு பேர் கும்மாளமிடும்போது அந்த நாலைந்து நிமிஷம் எவர் கண்ணிலும் படாமலே கழிந்துவிடக்கூடும். அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரத்துச் சூதாட்ட விடுதிகளில், வைத்தியம் படிக்காத காவற்காரர்களுக்கே அந்த மின்னதிர்ச்சிக் கருவியைக் கையாளப் பழக்கி, விளைவு என்னவென்று ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பிறர் கண்ணெதிரே விழுந்து, மூன்று நிமிஷத்துக்குள் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் பிழைத்து வீடு திரும்பினர். மூன்று நிமிஷம் கடந்து பெற்றவர்களில் 49 பேரே பிழைத்தனர். சூதாட வந்தவனுடைய பிராணனைக் குறித்து அந்த ஊர் விடுதிக்காரனுக்கு இருந்த சிரத்தை, விடுமுறைக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து உள்ளே நுழையும் நம் ஊர்த் தாய் தகப்பனார் விஷயத்தில் இங்குள்ளவர்களுக்கு இருக்க வேண்டாமா?

பூங்காவின் மதிலுக்குள் ஒருவர் விழுந்தால், அந்தச் செய்தி எவ்வழியாகப் பிரயாணம் செய்கிறது என்பதை வாசகர்கள் சற்றே சிந்திக்க வேண்டும். ராட்டினத்தை இயக்கும் பையன் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் மேலாளரைத் தேட வேண்டும். மேலாளர் தம் மேலுள்ளவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். அவர் நிலைமையைக் கேட்டறிந்து, இது வெளியே சொல்லத்தக்கதா, நாமே சமாளிக்கத்தக்கதா என்று தீர்மானித்தபின்னர்தான் 108 என்ற மூன்று எண்களை யாரேனும் ஒருவர் அழுத்தலாம். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் எந்தக் குக்கிராமத்து விவசாயியும் எவரிடமும் அனுமதி கேளாமல் பயன்படுத்தி வரும் இலக்கம் அது. வயலில் பாம்பு கடித்தவனுக்கு உடனே கிடைக்கும் உதவி, சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனவனுக்கு நாலு படி ஏறி இறங்கி வரவேண்டியிருக்கிறது. கூரையில் தீப்பிடித்தால் ஊரைக் கூப்பிடுவது மானக்கேடு என்று எண்ணிக் கிணற்றடியில் சொம்பைத் தேடுகிறவனுடைய புத்தி இது.

இந்தப் புத்தி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமானதன்று. இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2ஆம் தேதி, பதினாறு பேரோடு ஓடிய விளையாட்டு ரயில், தண்டவாளத்தில் நின்றிருந்த காலி வண்டியின்மீது மோதிற்று. இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். விபத்து நேர்ந்து 17 நிமிஷங்கள் கழிந்தபின்பே அவசர உதவிக்கு அழைப்புப் போயிற்று என்பதும், தரையிலிருந்து இருபதடி உயரத்தில் சாய்ந்து கிடந்த வண்டியிலிருந்து எல்லோரையும் விடுவிக்க நாலைந்து மணி நேரம் ஆயிற்று என்பதும் பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தன. 2016 செப்டம்பரில் அந்தக் கம்பெனிக்கு ஐம்பது லட்சம் பவுன் அபராதம் விதித்தார்கள். அமெரிக்காவில், உலகமெங்கும் குழந்தைகள் பெயர் சொல்லும் டிஸ்னிலாண்டிலேயே, 2000 செப்டம்பரில் நாலு வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டு வண்டியின் அடியில் அகப்பட்டுக்கொண்டான். வேலையாள் முதலில் பூங்காவின் உட்கட்டுக் காவல் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் வழியாகத்தான் வெளியே அழைப்புப் போக வேண்டும் என்று அதுவரை அங்கே விதி இருந்தது. அந்தச் சிறுவனுக்கு நேர்ந்த கதிக்குப் பிறகு, யந்திரத்தின் அருகில் நிற்கும் வேலையாளே நேராக அவசர உதவியை அழைக்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். பெரிய யந்திரமோ அதிகச் செலவோ இத்திருத்தத்துக்கு வேண்டியிருக்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு முன் அங்கே ஒரு குழந்தையின் வாழ்வை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம், இங்கே காசு செலவின்றிக் கிடைத்தும் கற்பாரில்லை.

பூங்காக்காரர்கள் இவ்வாறு தயங்குவதற்குரிய காரணம் நமக்குப் புரியாமலில்லை. ஆம்புலன்ஸ் வண்டி அலறிக்கொண்டு பிரதான வாயில் வழியே நுழைந்தால் வரிசையில் நிற்பவர்களின் முகம் மாறும். நாலு பேர் கைப்பேசியில் படமெடுப்பார்கள். மறுநாள் கூட்டம் குறையும். வியாபாரியினுடைய கவலை அது. வியாபாரிக்கு அந்தக் கவலை இருப்பது இயற்கை. ஆனால் ஒருவருடைய உயிர் ஊசலாடும்போது, வெளியே சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தக் கவலை உடையவரிடமே ஒப்படைத்திருப்பது யார்? இக்கேள்வி பூங்காக்காரர்களைத் தாண்டி, அவர்களுக்கு உரிமம் எழுதிக் கொடுக்கும் உத்தியோகஸ்தர்களிடம் போய் நிற்கிறது. அவர்கள் இந்த விஷயத்தில் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால், நமக்குப் பொறுமை எஞ்சவில்லை.

2012 செப்டம்பரில் பூந்தமல்லிப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த ராட்டினத்திலிருந்து விழுந்து ஓர் இளம் பெண் இறந்தாள். அப்பொழுது அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். 2016 மே மாதத்தில் தாம்பரத்துக்கு அருகே வேறொரு பூங்காவில், புதிய ராட்டினமொன்றைச் சோதித்துப் பார்க்க ஊழியர்களையே ஏற்றிச் சுழற்றியபோது அது முறிந்து ஓர் ஊழியர் மாண்டார், பலர் காயமுற்றனர். அப்பொழுதும் விழித்துக்கொண்டார்கள். 2019 ஜூன் மாதத்தில் பெங்களூர்ச் சாலையிலுள்ள பூங்காவில், மேலிருந்து கீழே இறங்கும் ஆசனத்தின் கம்பிவடம் ஆட்களோடு அறுந்து விழுந்த காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் கைப்பேசியில் பார்த்தது. அப்பொழுதும் விழிப்புக்குக் குறைவில்லை. இத்தனை முறை விழித்துக்கொண்டவர்கள் இடையிடையே இத்தனை முறை உறங்கியிருக்க வேண்டும் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். ஒவ்வொரு தடவையும் ஆணியும் வடமும் சங்கிலியும் ஆராய்ச்சிக்கு உள்ளாகின்றன. இந்திய தர நிர்ணய அமைப்பு இந்த யந்திரங்களுக்கென்றே வகுத்துள்ள ஐ.எஸ். 15475 என்ற விதித்தொகுதி நினைவுக்கு வருகிறது. பொறியியல் அறிஞர்களின் சான்றிதழ் கேட்கப்படுகிறது. விழுந்தவரை எத்தனையாவது நிமிஷத்தில் யார் தூக்கினார்கள், தூக்கியவருக்கு எப்படித் தூக்க வேண்டும் என்று தெரியுமா, முதுகெலும்பு முறிந்தவரைக் கைகால்களைப் பிடித்து அள்ளிச் சென்று கெடுதலை அதிகமாக்கினார்களா, எந்த வண்டியில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்ற கேள்விகளை எழுப்பி, விடையைப் பொதுஜனங்கள் முன் வைத்ததாக நாம் கேள்விப்படவில்லை. யந்திரத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்டவர்கள், மனிதனுக்கு என்ன ஏற்பாடு என்று ஏன் கேட்கவில்லை?

முதலுதவி அறை என்று பலகை தொங்காத பூங்கா இராது. பலகைக்குப் பின்னால் இருப்பது பஞ்சும் டிங்க்சரும் ஒரு கட்டிலுமா, அல்லது பயிற்சி பெற்ற செவிலியும் பிராணவாயு உருளையும் மின்னதிர்ச்சிக் கருவியுமா? அங்கே நிற்கும் ஆம்புலன்ஸுக்கு ஓட்டுநர் உண்டா? அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் வேளையில் அதன் சாவி எவரிடம்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாள் மாலையில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் நெரிசலை அன்றாடம் பார்க்கும் அதிகாரிகள், அந்த நெரிசலின் ஊடே நோயாளி எவ்வளவு நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியை அடைவார் என்று ஒரு தடவையாவது வண்டியோட்டிப் பார்த்திருப்பார்களா? போதாக்குறைக்கு, அதற்குச் சமீபத்துத் திருப்போரூர்ப் பக்கத்தில் 2025 டிசம்பரில் இன்னொரு பெரிய பூங்காவும் திறந்தாகிவிட்டது. வரும் கோடையில் அந்த வட்டாரத்துச் சாலைகளில் ஜனங்கள் எவ்வளவு பெருகுவார்கள் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

விசித்திரமான ஓர் ஏற்றத்தாழ்வையும் இவ்விடத்தில் குறிப்பிட்டுவிடுகிறோம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், விபத்துக்குள்ளானவருக்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சையை, பட்டியலிலுள்ள தனியார் ஆஸ்பத்திரியிலுங்கூட, சர்க்கார் செலவிலேயே அளிக்கிறார்கள். மெத்தப் போற்றத்தக்க திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும் உரியது. ஆகவே பூங்காவின் வாயிலுக்கு வெளியே பஸ் மோதி விழுந்தவர் அதன் பாதுகாப்புக்குள் வருவார். வாயிலுக்கு உள்ளே பத்தடி தள்ளி ராட்டினத்திலிருந்து விழுந்தவர் வரமாட்டார். இரண்டு எலும்பும் ஒரே மாதிரியாகத்தான் முறிகின்றன.

பொதுஜனங்களைக் கூட்டிக் காசு வாங்குகிறவன் அவர்களுடைய பத்திரத்துக்கும் ஜவாப்தாரி என்ற கொள்கையை ஒப்பி, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே, 1888ஆம் வருஷத்திலேயே, சென்னை மாகாணத்தில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். ஆகாய விமானம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய காலம் அது. மனிதனை ஆகாயத்தில் தலைகீழாகச் சுழற்றிக் காசு வாங்கும் இந்தக் காலத்தில் அந்தக் கொள்கை முன்னேறியிருக்க வேண்டாமா? உத்தியோகஸ்தர்களுக்கு ஞாபக மறதி மிகுந்துவிட்டதோ, அல்லது பூங்காவில் விழுகிற பிள்ளை எவர் வீட்டுப் பிள்ளையோ என்ற எண்ணம் மிகுந்துவிட்டதோ, நாம் அறியோம். எதுவாயினும் அது மன்னிக்கத்தக்கதன்று. நாலு விபத்துக்களுக்குப் பிறகும் ஒரு கூட்டம் போட்டு, ஓர் அறிக்கை வாங்கி, அதைக் கட்டி அலமாரியில் வைப்பதையே ராஜ்ய நிர்வாகம் என்று கருதுகிறவர்கள், ஜனங்களின் உயிரைக் காக்கும் ஸ்தானத்தில் இருக்கத் தகுதியற்றவர்கள்.

சர்க்கார் இனியேனும் சம்பந்தப்பட்ட துறைகளையெல்லாம் ஒருசேர அழைத்து, பூங்காக்களின் வைத்திய ஏற்பாடுகளைத் தீர ஆராய்ந்து, தக்கதொரு ஒழுங்குமுறையைக் காலதாமதமின்றி வகுக்க வேண்டும். வகுத்ததை மெய்யாகவே அமல் நடத்தவும் வேண்டும். அவர்கள் அதைச் செய்யும்வரையில் கோடை விடுமுறை காத்திருக்கப் போவதில்லையாகையால், பூங்காவுக்குப் போகும் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறோம். உள்ளே எவரேனும் விழக் கண்டால் மேலாளரைத் தேடி ஓடாதீர்கள். எவரிடமும் உத்தரவு கேளாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே நீங்களே 108-ஐ அழையுங்கள்.