மண்ணின் சான்றும் மனத்தின் விருப்பமும்

நம் மேடைகளில் தொன்மைக்குப் பஞ்சமில்லை. தமிழினத்தின் வயது ஐம்பதாயிரம் ஆண்டு என்பார் ஒருவர். நூறாயிரம் என்பார் அடுத்து வருபவர். கைதட்டல் கூடக்கூட ஆண்டுகளும் கூடுகின்றன. இவ்வாறு ஏலத்தில் ஏற்றப்படும் தொன்மையால் தமிழுக்குப் பயனில்லை; கேடே உண்டு.

தொல்பொருளாய்வு என்பது நாவன்மை அன்று. அளந்து அறியும் துறை. உயிர்ப்பொருள் மடிந்தபின் அதிலுள்ள கரிமம் 14, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இதனைக் காலக்கணிப்புக்கு உரிய வழியாக்கிய லிப்பி, 1960இல் நோபெல் பரிசு பெற்றார். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி இம்முறையில் ஆராயப்பெற்று, கி.மு. 580 என்னும் காலத்தைத் தந்தது. 2019இல் தமிழகத் தொல்லியல் துறை அதனை அறிக்கையாக வெளியிட்டது. அந்த ஆண்டை மனப்பாடம் செய்த நம்மில் எத்துணைப் பேர் அந்த ஆழத்தை நினைவில் வைத்துள்ளோம்? எந்த மண்ணடுக்கில், எப்பொருள்களோடு கிடைத்தது என்னும் பதிவு இல்லையேல், கரித்துண்டு வெறும் கரித்துண்டே.

"நம் இலக்கியம் இருக்க ஆய்வுக்கூடம் எதற்கு?" என்று வினவுவோர் உளர். இலக்கியம் எங்கே தோண்டலாம் என்று வழி காட்டும். தோண்டிக் கண்டதன் காலத்தை மண்ணே சொல்ல வேண்டும். இனப்பற்று ஆய்வின் இடத்தைப் பிடித்தால் என்னாகும் என்பதற்கு இங்கிலாந்தே சான்று. 1912இல் பில்ட்டவுனில் ஆதி மனிதனின் மண்டையோடு கிடைத்ததென அந்நாட்டு அறிஞர் பலர் பெருமிதம் கொண்டனர். நாற்பதாண்டுகள் கழித்து, எலும்பிலுள்ள புளோரின் அளவு முதலிய சோதனைகள் உண்மையை உடைத்தன. மனித மண்டையோட்டுடன், பல் அராவிச் சாயமேற்றிய குரங்கின் தாடையைச் சேர்த்துச் செய்த மோசடி அஃது என 1953இல் உலகம் அறிந்தது.

நம் வாயிலுக்கு அருகிலேயே கடாரம் இருக்கிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கிலுள்ள ஒவ்வொரு செங்கல்லும் தமிழகத்திலிருந்து வந்ததுபோல் நாம் முழங்குகிறோம். அங்குள்ள கோயில்கள் சிலவற்றின் செங்கற்களை வேதியியல் முறையில் ஆய்ந்தோர், அவை உள்ளூர் மண்ணால் ஆனவை என்று கண்டனர். இதனால் நமக்கு என்ன இழுக்கு? கடல் கடந்து வந்த சமயமும் கலையும் இம்மண்ணின் மக்கள் கைகளில் உருப்பெற்றன என்னும் உண்மை, முழக்கத்தினும் பெரிதன்றோ! நமக்கு உவப்பான முடிவை மட்டும் ஏற்பவன் ஆய்வை ஏற்பவன் அல்லன்.

அதே பள்ளத்தாக்கில் பழங்கோயில் ஒன்றின் அடித்தளம் மனை மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. இடிந்த கற்களை மீண்டும் அடுக்கலாம். குலைந்த மண்ணடுக்கை எந்த அறிவியலாலும் மீட்க இயலாது. கடாரங் கொண்ட வெற்றியைப் பாடத் தெரிந்த நமக்கு, கடாரத்து மண்ணைக் காக்கத் தெரியவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே! இனி எவரேனும் ஓர் ஆண்டுக் கணக்கைச் சொன்னால், "எந்த மாதிரி? எந்த ஆழம்? எம்முறை?" என்று கேளுங்கள். சொன்னவர் தமிழரே ஆயினும் கேளுங்கள். விடை தாங்கி நிற்கும் தொன்மையே நமது. மற்றது காற்றோடு போகட்டும்.