தொண்டனாயினும் தொழிலாளியாயினும் முதலில் மாணவன்

தொண்டு செய்வதற்கென்று வெளிநாட்டு இளைஞர்கள் இந்தியாவுக்கு வருவது இன்று சாதாரணமாகிவிட்டது. பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் பூசுகிறார்கள். குழந்தைகளுக்கு ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டு மாதம் ஆனதும் விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்களின் நல்லெண்ணத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், ஊர்மொழி தெரியாதவருக்கு ஊரின் தேவை எப்படித் தெரியும்? பசி என்று ஒருவன் சொன்னால் புரியாதவர் யாருக்கு எப்படிச் சோறு போடுவார்?

இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாறசாலை, களியக்காவிளை, நெய்யூர் என்று நீளும் நம் எல்லைப் பகுதியின் வரலாறே விடை சொல்லும். ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1804இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அன்றே திருவிதாங்கூருக்கு ஓடி வந்துவிடவில்லை. உட்கார்ந்து தமிழ் படித்தார். 1806இல்தான் மயிலாடிக்கு வந்தார். 1816 வரை இங்கே உழைத்தார். அவருக்குப் பின் வந்த ஜான் ஆப்ஸ், பாறசாலையை இருப்பிடமாகக் கொண்டு பணி செய்தவர். திருவிதாங்கூரில் கழித்த 22 ஆண்டு அனுபவத்தை 1870இல் நூலாகவே வெளியிட்டார். இரண்டு மாதம் எங்கே, 22 ஆண்டு எங்கே!

டாக்டர் சாமர்வெல்லை நெய்யூர்ப் பக்கத்தில் அறியாத பழைய குடும்பம் இல்லை. 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்தவர் அவர். அந்தப் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளிகளையும், ஓய்வின்றித் திண்டாடிய மருத்துவரையும் பார்த்தார். லண்டனில் கிடைக்கவிருந்த பெரிய வாழ்வை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் சென்று ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். ஏறியவர் திரும்பி வந்ததும் நெய்யூருக்குத்தான். பின்னர் வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். 1961 வரை இந்த நாட்டில் இருந்தார்.

அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள், வெள்ளைக்கார ஆட்சியின் நிழலில் இருந்தவர்கள் என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மதத்தை ஏற்காதவனும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான். கொடுக்க வந்தோம் என்ற எண்ணத்தோடு நில்லாமல், கற்றுக்கொண்டு தங்கியதால் வந்த நம்பிக்கை அது. மதப் பிரசாரம் செய்யாத லாரி பேக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கட்டடக் கலை படித்து வந்தவர். இந்திய மலைக்கிராமக் கொத்தனார்களிடம் மீண்டும் பாடம் படித்தார். திருவனந்தபுரத்தில் அவர் எழுப்பிய செங்கல் வீடுகள் அந்தப் பாடத்தின் பலன். 2007இல் மறையும்போது அவர் இந்தியக் குடிமகன்.

இதையெல்லாம் நமக்கு ஏன் சொல்லவேண்டும்? நாம் தொண்டர்கள் அல்லவே, கூலிக்கும் சம்பளத்துக்கும் வந்தவர்கள்தானே என்று கேட்கலாம். கூலிக்கு வந்தவனுக்குத்தான் மொழி இன்னும் அவசியம். தொண்டனுக்கு மொழி தெரியாவிட்டால் ஊருக்கு நஷ்டம்; நமக்குத் தெரியாவிட்டால் நஷ்டம் நம் மடியில்.

இருபது ஆண்டாகக் கேரளத்தில் கிடந்தும் மலையாளத்தில் பேர் படிக்கத் தெரியாதவர் நம்மில் எத்தனை பேர்! சாயாக் கடையில் பேசத் தெரியும். ‘ஒப்பிடு’ என்றால் கையெழுத்துப் போடவேண்டும் என்றும் தெரியும். எதில் ஒப்பிடுகிறோம் என்பதுதான் தெரியாது. எட்டு நாள் கூலிக்கு ஆறு நாள் என்று எழுதியிருந்தாலும் கையெழுத்து விழுந்துவிடும். பேச்சில் பாதி நமக்குப் பழகியதே; எழுத்துத்தான் தடை. அந்தத் தடையை அன்றாடம் அரைமணி நேரம் ஒதுக்கினால் சில மாதங்களில் தாண்டிவிடலாம். களியக்காவிளைச் சந்தை வியாபாரி தமிழ் பேசுவது நம்மீதுள்ள பாசத்தால் மட்டுமா? சரக்கு விற்கவேண்டுமே!

அதற்காகத் தமிழைக் கைவிடச் சொல்லவில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆயின. எல்லை மாறியது, உரிமை மாறவில்லை. குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தர, அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு இடம் தருகிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்கு மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது 350-ஏ பிரிவு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் நமக்கு வழி செய்திருக்கிறது. குமாஸ்தாவாக இருக்கும் நண்பர்கள் இதை அறியாத தொழிலாளிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால், அதுவும் தொண்டுதான். அதற்குக் கடல் கடக்க வேண்டாம்.

பிள்ளைக்கு வீட்டில் தமிழ் எழுத்து; நமக்கு மாலையில் மலையாள எழுத்து. வந்த ஊரில் மதிப்போடு வாழ விரும்புகிறவன் இந்த இரண்டு பலகையையும் கையிலெடுக்கத்தான் வேண்டும்.