வெயில் தின்னும் சிறுநீரகம்!

தண்ணீர், நிழல், ஓய்வு: மூன்றும் சட்டமாக வேண்டும்

மத்திய அமெரிக்காவில் உள்ள சின்னஞ்சிறு நாடு, எல் சால்வடார். கரும்பும் காப்பியும் அங்கே முக்கியப் பயிர்கள்.

அதன் தலைநகர் சான் சால்வடார். அங்குள்ள ரோசாலெஸ் ஆஸ்பத்திரிக்கு, சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். அவர்களில் 205 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சியின் முடிவு 2002-ம் ஆண்டு வெளிவந்தது.

சிறுநீரகம் கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு வியாதிகளே காரணம். ஒன்று, சர்க்கரை வியாதி. மற்றொன்று, ரத்தக் கொதிப்பு.

ஆனால், அந்த 205 பேரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை! அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கடலோரப் பகுதிகளில் வயல் வேலை செய்தவர்கள்.

விதவைகள் தீவு

நிகராகுவா நாட்டிலும் இதே துயரம்தான். அங்கே சிசிகல்பா என்று ஓர் ஊர். கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். நல்ல வயதில் உள்ள ஆண்கள் அங்கே ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். அந்த வட்டாரத்தில் உள்ள ஒரு குடியிருப்புக்கு ‘விதவைகள் தீவு’ என்ற பெயரே ஏற்பட்டுவிட்டது!

பூச்சிமருந்தின்மீது சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் இன்னும் முற்றிலும் தீரவில்லை. ஆயினும், ஆராய்ச்சிகள் பலவும் சுட்டிக்காட்டும் முக்கியக் குற்றவாளி ஒன்று உண்டு. அதுதான், கடும் வெயிலில் செய்யும் கடும் உழைப்பு.

எப்படிக் கெடுகிறது?

சிறுநீரகத்தின் வேலை, ரத்தத்தில் உள்ள கழிவை வடிகட்டுவது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன.

வெயிலில் உழைப்பவனின் உடம்பு, வியர்வையாகத் தண்ணீரை இழக்கிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. உடம்போ கொதிக்கிறது. சிறுநீரகம் காயப்படுகிறது.

ஒரு நாள் என்றால், ஓய்வெடுத்தால் ஆறிவிடும். நாள்தோறும் காயம் பட்டால்? புண் தழும்பாகிறது. தழும்பான வடிகட்டி மறுபடி வேலை செய்யாது.

இதில் ஒரு மோசம் உண்டு. ஆரம்பத்தில் வலி இருக்காது. உடம்பு வீங்கி, பசி போய், மூச்சு வாங்கும்போதுதான் பலரும் டாக்டரிடம் போகிறார்கள். அதற்குள் பெரும்பகுதி கெட்டுவிடுகிறது. பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள், இயந்திரத்தின்மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணி நேரம்! கூலிக்காரன் வேலைக்குப் போவது எப்போது?

உலகமோ மேலும் சூடாகிறது. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிப்பதால் வரும் கரியமில வாயு, பூமியைப் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. கணக்கெடுக்கத் தொடங்கிய பின், மிக அதிக வெப்பமான ஆண்டு 2024. ஆலைத் தொழில் பெருகுவதற்கு முன் இருந்ததைவிட, அந்த ஆண்டு உலகின் சராசரி வெப்பம் சுமார் 1.55 டிகிரி அதிகம்.

கூலி போகாதா?

மத்திய அமெரிக்க நாடுகளின் சுகாதார மந்திரிகள் 2013-ம் ஆண்டு சான் சால்வடாரில் கூடினார்கள். இந்த நோய் ஒரு பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அறிவித்தார்கள்.

“தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள்” என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்வது சுலபம். ஆனால் கரும்பு வெட்டுகிறவனுக்கு, வெட்டிய எடைக்குத்தான் கூலி. உட்கார்ந்தால் கூலி போகும். ஆகவே அவன் உட்காருவதில்லை.

எல் சால்வடாரில் 2014-15 அறுவடையின்போது ஒரு சோதனை நடந்தது. தொழிலாளர்களுக்கு முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை கொடுத்தார்கள். வயலுக்கே எடுத்துச் செல்லும் நிழற்பந்தல் போட்டார்கள். குறிப்பிட்ட நேரத்தில் ஓய்வு கொடுத்தார்கள். வெட்டுக்கத்தியையும் திருத்தி அமைத்தார்கள்.

விளைவு என்ன? ஓய்வு கொடுத்தும் வேலை குறையவில்லை. ஒருவர் ஒரு நாளில் வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன் வரை உயர்ந்தது! பின்னர் நிகராகுவாவில் இந்த ஏற்பாட்டைப் பலப்படுத்தியபோது, சிறுநீரகக் காயமும் கணிசமாகக் குறைந்தது.

நம் பக்கம் எப்படி?

தமிழ்நாட்டு உப்பளங்களிலும் ஆராய்ச்சி நடந்துள்ளது. 2017 முதல் 2020 வரை, 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைத்தார்கள். 100-க்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் சக்தி குறைந்திருந்தது.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு இன்னொரு கஷ்டம். பக்கத்தில் கழிப்பிடம் இல்லாவிட்டால், அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஆகவே, கழிப்பிடம் கட்டுவதும் சிறுநீரகத்தைக் காக்கும் வைத்தியம்தான்!

தமிழர்கள் பலர் பிழைக்கப் போகும் கத்தார் நாட்டில், 2021-ம் ஆண்டு ஒரு கட்டளை பிறந்தது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது அந்தக் கட்டளை.

தமிழ்நாடு அரசு 2024-ம் ஆண்டு அக்டோபரில், வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. நல்ல காரியம். ஆனால், வெயிலில் சுருண்டு விழுபவர் கண்ணுக்குத் தெரிகிறார். பத்து ஆண்டுகள் உழைத்துச் சிறிது சிறிதாகச் சிறுநீரகத்தை இழப்பவர், எந்த நாள் வெயிலின் கணக்கில் சேருவார்?

அவருக்கு உதவுவது, வருமுன் காக்கும் ஏற்பாடுகளே. வேலை செய்யும் இடத்தில் குடிதண்ணீர், நிழல், கழிப்பிடம். உச்சி வெயிலில் கூலி குறையாத ஓய்வு. ஆண்டுக்கு ஒரு முறை ரத்தத்தில் ‘கிரியேட்டினின்’ பரிசோதனை. இவற்றைச் சர்க்கார் கட்டாயமாக்க வேண்டும்.

வெயிலில் உழைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்பு வலிக்கிறது என்று, டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை விழுங்கக் கூடாது. நீர் வற்றிய உடம்பில், அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

ஒரு குடம் தண்ணீருக்கும் ஒரு பந்தலுக்கும் ஆகும் செலவு சொற்பம். கெட்டுப்போன சிறுநீரகத்தைத் திரும்ப வாங்க, அந்தக் குடும்பம் எத்தனை நாள் கூலியைக் கொட்டினாலும் போதாது.