வெடிச்ச மண்ணைக் காட்டாதே மாப்ள

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி அக்கா மகன் போன் பண்ணினான். நாலு வருசமா சாலிகிராமத்துல ரூம் எடுத்துக்கிட்டு சினிமாவுக்குக் கதை எழுதுறான். இப்ப விவசாயியைப் பத்தி ஒரு ஸ்கிரிப்டாம்.

"மாமா, முதல் ஷாட் ட்ரோன்ல. வெடிச்சுக் கிடக்குற நெல் வயல். நடுவுல ஒரு பெரியவர் வானத்தைப் பாக்குறார். கடைசி ஷாட்ல அதே வயல், அதே மரம். அவர் மட்டும் உயிரோட இல்ல. எப்படி?"

நான் களத்துல நெல்லுக்குத் தார்ப்பாய் மூடிக்கிட்டு இருந்தேன். குறுவை அறுத்து ரெண்டு நாள். மேற்கால மின்னுது.

"ஏன்டா மாப்ள, அந்த வயல் எதனால வெடிச்சுது?"

"மழை இல்லாமதான் மாமா."

அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. அறுப்புக்கு முன்னாடி தண்ணியை வடிச்சு வயலைக் காயப்போடுறதே நாங்கதான். களிமண்ணு வெடிக்கத்தான் செய்யும். அந்த வெடிப்பைப் பாத்தா எங்களுக்கு நிம்மதி, மிஷின் இறங்கும்னு. நாத்து வளர்ற காலத்துலயும் லேசா மயிரிழை வெடிப்பு விட்டுத்தான் மறுதண்ணி கட்டுவோம். காய்ச்சலும் பாய்ச்சலும்னு அதுக்குப் பேரு. சினிமாக்காரங்க எங்க வேலையைப் படம் புடிச்சு, எங்க சாவுன்னு போடுறாங்க.

வறட்சி இல்லைன்னு சொல்லல. ஆனா டெல்டாவுல எங்களை அழவைக்கிறது தண்ணி வராதது மட்டுமில்ல, வந்த தண்ணி வடியாததும்தான்.

நம்ம சினிமாவுல விவசாயிக்கு ரெண்டே வேசம். ஒண்ணு சாமி, இல்லன்னா பொணம். சாமிக்குக் கடன் வட்டி தெரியாது. பொணத்துக்குக் கணக்கு கேக்கத் தெரியாது. தியேட்டர்ல நீங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எழுந்து போறீங்க. உங்க மேல தப்பில்ல. ஆனா "பாவம்"னு நினைக்கிறவங்ககிட்ட போய் விலை பேச முடியாதுங்க. எங்க தெருவுல ஒரு பையன், சொந்தமா டிராக்டர் வச்சிருக்கான். பொண்ணு பாக்கப் போன வீட்டுல "விவசாயமா, பாவம்"னு சொல்லி காபி கொடுத்து அனுப்பிட்டாங்க. அந்தப் பாவத்தை அவங்க எந்த ஊர்ல கத்துக்கிட்டாங்க?

"நிஜமா சாகுறாங்களே மாமா"ன்னான். சாகுறாங்கடா. அதை எழுதணும்னா கடன் எப்படி ஏறுதுன்னு எழுது. உழவுக்கும் உரத்துக்கும் பொண்டாட்டி தோடு அடமானம். அறுப்பு நேரத்துல மழை. வயல் சேறானா டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான், மணிக்கு வாடகை கூட. அறுத்த நெல்லுல ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. ரோட்டுல காயப்போட்டுட்டு ராத்திரி பூரா வானத்தைப் பாக்கணும். உன் பெரியவர் வானத்தைப் பாக்குறது மழை வரணும்னு இல்லடா, வரக்கூடாதுன்னு! இதைவிட என்ன த்ரில்லர் வேணும் உனக்கு?

எடுக்க முடியாதுன்னும் சொல்லாத. 2022ல 'கடைசி விவசாயி' வந்துச்சு. மணிகண்டன் எடுத்தது. பெரியவரை மயில் கேசுல உள்ள வச்சுடுறாங்க, வெளிய பயிரு நிக்குது. அந்தப் பயிருக்குத் தண்ணி கட்ட ஒரு போலீஸ்காரரை அனுப்புறாங்க. படம் பூரா எனக்கு இருந்த பதட்டம், பயிரு பொழைக்குமா பொழைக்காதாங்கிறதுதான். அதுல நடிச்ச நல்லாண்டி ஐயா நிஜமாவே விவசாயி. அவர் கை மம்பட்டியைப் புடிக்கிற விதமே வசனம்.

கடைசியா அவன்கிட்ட ஒண்ணு சொன்னேன். "அக்கா பங்கு மூணு மாவை நான்தான் உழுவுறேன். அந்தக் குத்தகைப் பணத்துலதான் உன் ரூம் வாடகை போவுது. நீ க்ளைமாக்ஸ்ல கொல்றவன்தான் மாசாமாசம் உனக்கு வாடகை கட்டுறான். அவனை உயிரோட வச்சு எழுதுடா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டான்: "பெல்ட் வண்டின்னா என்ன மாமா?"

சம்பா நடவுக்கு வரச் சொல்லியிருக்கேன்.